வார்டு கவுன்சிலர் எல்லா நிகழ்ச்சிக்கும் வருகிறார். அவர் வேலையை எதை வைத்து அளப்பது?

தெற்குத்தெரு:
வணக்கம். எங்கள் ஊர் ஒரு நடுத்தர நகராட்சி. 2022 பிப்ரவரி தேர்தலில் ஜெயித்த எங்கள் வார்டு கவுன்சிலரைப் பற்றிக் கேட்கத்தான் இந்த இழை. அவர் பெயரும் கட்சியும் இங்கே தேவையில்லை. நான் கேட்பது எந்த ஊருக்கும் பொருந்தும்.

மனிதர் எல்லா இடத்திலும் இருக்கிறார். சித்திரையில் நீர்மோர்ப் பந்தல், தலைவர் பிறந்தநாளுக்கு ரத்ததான முகாம், மஞ்சப்பை விநியோகம், பள்ளி ஆண்டு விழா, அம்மன் கோவில் கொடை விழா, கண் சிகிச்சை முகாம். யார் வீட்டிலாவது இழவு என்றால் மாலையோடு முதலில் நிற்பவரும் அவர்தான். எங்கள் தெருவில் பாதிப்பேர் இப்படி ஒருவர் கிடைக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்கிறார்கள். மீதிப்பேர், பெரிய வாய்க்காலைத் தூர்வாரி எத்தனை மழைக்காலம் ஆயிற்று என்று கேட்கிறார்கள். இரண்டு பக்கமும் சொல்வது உண்மை.

குடியிருப்போர் சங்கத்தில், அடுத்த பகுதி சபையில் (வார்டுக்குள் ஒவ்வொரு பகுதி மக்களும் கூடிக் குறைகளைப் பேசும் கூட்டம்) அவரிடம் என்ன கேட்பது என்று பேசிக்கொண்டிருக்கிறோம். சண்டை போடும் எண்ணம் இல்லை. நிகழ்ச்சிக்கு வருவதை வேலையில் சேர்ப்பதா, வேண்டாமா? உங்கள் ஊர் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

ஆலமரத்தடி:
வருவதே பெரிய விஷயம் சார். 2016 அக்டோபரில் பழைய மன்றங்களின் காலம் முடிந்தது. 2022 மார்ச்சில்தான் புதியவர்கள் பதவியேற்றார்கள். நடுவில் ஐந்து வருடத்துக்கு மேல் தமிழ்நாட்டு நகரங்களில் கவுன்சிலர் என்று யாருமே இல்லை, தனி அலுவலர் ஆட்சிதான். தெருவிளக்கு எரியவில்லை என்று எந்த மேசையில் போய்ச் சொல்வது என்றே தெரியாது. இப்போது ஒரு முகம் இருக்கிறது, கூப்பிட ஒரு செல் நம்பர் இருக்கிறது. அதைக் குறைத்துப் பேச வேண்டாம்.

செவ்வணு:
ரத்த வங்கியில் வேலை பார்க்கிறேன். முகாம் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் அதில் அரசியல்வாதிகளின் பங்கை நேரில் பார்ப்பவள் நான்.

கட்சிக்காரர்கள் நடத்தும் முகாம்கள் இல்லையென்றால் எங்களுக்குக் கை ஒடிந்த மாதிரிதான். அதை முதலில் சொல்லிவிட வேண்டும். ஒரு கவுன்சிலர் கூப்பிட்டால் இளைஞர்கள் கூட்டமாக வருகிறார்கள். நாங்கள் கூப்பிட்டால் அப்படி வருவதில்லை.

சிக்கல் தேதியில் இருக்கிறது. தலைவர் பிறந்தநாள் அன்று ஊரில் நாலைந்து இடத்தில் ஒரே நாளில் முகாம். எடுத்த ரத்தத்தை என்றென்றைக்கும் வைத்திருக்க முடியாது. சிவப்பணுக்களை அதிகபட்சம் 42 நாள் வைக்கலாம். தட்டணுக்களுக்கு 5 நாள்தான் ஆயுள். அன்றைக்குக் கொடுத்த ஆண்கள் மூன்று மாதத்துக்கும், பெண்கள் நான்கு மாதத்துக்கும் மறுபடி கொடுக்கக் கூடாது. ஆக, ஒரு வார்டின் இளைஞர்கள் எல்லாரும் ஒரே நாளில் கொடுத்துவிட்டால் அடுத்த மூன்று மாதம் அந்த வார்டில் ஆள் கிடையாது. பிரசவத்தில் ரத்தப்போக்கு என்றோ, விபத்து என்றோ நள்ளிரவில் யாராவது ஓடிவரும்போது, போனில் கூப்பிட்டால் எல்லாரும் ஒரே பதிலைச் சொல்கிறார்கள்: ‘அக்கா, போன மாசம்தான் கொடுத்தேன்.’

எங்களுக்கு உண்மையில் கஷ்டமான காலம் ஏப்ரல், மே. கல்லூரி விடுமுறை, வெயில், யாரும் வரமாட்டார்கள். அப்புறம் மழைக்காலத்தில் டெங்கு வந்துவிட்டால் தட்டணுக்கள் வேண்டும், அதுவும் அந்தந்த வாரமே எடுத்ததாக வேண்டும்.

எங்களோடு பழகிய ஒரு பெண் கவுன்சிலர், இதைக் கேட்டதும் பிறந்தநாள் முகாமைச் சின்னதாக வைத்துக்கொண்டு, மீதிப் பேரை மே மாதத்துக்கு நகர்த்தினார். கூடவே வார்டில் ரத்தம் கொடுக்கச் சம்மதிப்பவர்கள் பெயர், ரத்த வகை, கடைசியாகக் கொடுத்த தேதி எல்லாம் எழுதி ஒரு நோட்டு வைத்தார். போட்டோவில் கூட்டம் குறைவாகத்தான் தெரிந்தது. எங்களுக்கு அந்த நோட்டுதான் பெரிய உதவி. தெற்குத்தெரு அவர்களே, உங்கள் கவுன்சிலரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: முகாம் தேதியை யாரைக் கேட்டு முடிவு செய்கிறார்?

தெற்குத்தெரு:
இப்படி ஒரு பக்கம் இருக்கிறது என்று இதுவரை எங்களில் யாரும் யோசிக்கவில்லை. நன்றி. குறித்துக்கொண்டேன்.

வெயிலுகந்தான்:
நீர்மோர்ப் பந்தலுக்கும் இதே கேள்விதான். திறப்பு விழா அன்று தர்பூசணி, வெள்ளரி, ரோஸ்மில்க் எல்லாம் உண்டு. அடுத்த வாரம் போய்ப் பார்த்தால் பானை காய்ந்து கிடக்கும், கீற்றுக் கொட்டகை மட்டும் நிற்கும். வெயில் கொளுத்துவது அந்த முதல் நாளில் மட்டும் அல்ல. பந்தலைத் திறப்பவர், கத்திரி முடியும்வரை தினமும் யார் தண்ணீர் ஊற்றுவார், யார் டம்ளர் கழுவுவார் என்று ஏற்பாடு செய்துவிட்டுத் திறக்கட்டும். எங்கள் ஊரில் பேருந்து நிலைய ஆட்டோ ஸ்டாண்டு தோழர்களிடம் ஒப்படைத்தார்கள், வைகாசி வரைக்கும் ஓடியது.

பதாகை வேண்டாம்:
யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். நிகழ்ச்சி என்றாலே ஃபிளெக்ஸ். 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில், அரசியல்வாதி ஒருவர் வீட்டுத் திருமணத்துக்கு வைத்த பேனர் சரிந்து, இருசக்கர வாகனத்தில் வந்த இளம்பெண் நிலைதடுமாறி விழ, பின்னால் வந்த தண்ணீர் லாரி ஏறி இறந்துபோனார். வேலைக்குப் போய் வீடு திரும்பிக்கொண்டிருந்த பிள்ளை. உயர்நீதிமன்றம் எவ்வளவு கண்டித்தது, கட்சித் தலைமைகள் பேனர் வைக்காதீர்கள் என்று அறிக்கை விட்டன. இன்றைக்கும் எங்கள் ஊர் வளைவில் எதிரே வரும் வண்டி தெரியாத அளவுக்கு வைக்கிறார்கள். எந்த நல்ல காரியத்துக்கு வந்தாலும் சரி, சாலையோரம் பேனர் வைத்து வருகிறவர் நல்ல காரியத்துக்கு வரவில்லை என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

வைகைக்கரை:
மதுரைக்காரன். வயது அறுபதைத் தாண்டிவிட்டது. கவுன்சிலர் வேலை என்றால் எனக்கு ஒரே ஒரு பெயர்தான் நினைவுக்கு வரும். வில்லாபுரம் லீலாவதி.

இளையவர்கள் பலருக்குத் தெரிந்திருக்காது. அந்த அம்மா மார்க்சிஸ்ட் கட்சிக்காரர், கைத்தறி நெசவுக் குடும்பம். மாதர் சங்கத்தில் வேலை செய்தவர். 1996 உள்ளாட்சித் தேர்தலில் மதுரை மாநகராட்சிக்குக் கவுன்சிலராக ஜெயித்தார். வில்லாபுரம் பக்கம் அப்போது குடிநீர்ப் பஞ்சம். குடம் தண்ணீரைக் காசு கொடுத்து வாங்கித்தான் குடிக்க வேண்டும், அதை விற்றுச் சம்பாதிக்க ஒரு கும்பல் இருந்தது. மாநகராட்சிக் குழாயில் தண்ணீர் வர வேண்டும் என்று அவர் விடாமல் நின்றார். ரேஷன் கடை முறைகேட்டையும் தட்டிக்கேட்டார். 1997 ஏப்ரல் 23 அன்று தெருவில் வெட்டிக் கொன்றுவிட்டார்கள். பதவிக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை.

அவர் பெண்களைத் திரட்டி மறியல் செய்தார், கூட்டம் போட்டார். எல்லாம் நிகழ்ச்சிதான். ஆனால் அந்தக் கூட்டம் எதைக் கேட்கிறது என்று அதில் நின்ற ஒவ்வொரு பெண்ணுக்கும் தெரியும். மன்றத்தில் பேசுவதும் தெருவில் பேசுவதும் ஒரே பேச்சாக இருந்தது. தெருவில் எல்லாருக்கும் நல்லவராக இருந்துவிட்டு, மன்றத்தில் வாய் திறக்காமல் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு வரும் ஆளை நான் கவுன்சிலர் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன் தம்பி.

முன்னாள் வீடு:
வைகைக்கரை ஐயா, உங்கள் மேல் மரியாதை உண்டு. லீலாவதி அம்மா பேரைச் சொன்னால் நானும் எழுந்து நிற்பேன். ஆனால் எல்லாக் கவுன்சிலரையும் அந்த அளவுகோலில் நிறுத்தினால் ஒருவர்கூடத் தேற மாட்டார். என் அப்பா ஒரு காலத்தில் கவுன்சிலர். வீட்டுக்குள் இருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

2023 ஜூலையிலிருந்துதான் அரசு மாத மதிப்பூதியம் கொடுக்கிறது. மாநகராட்சிக் கவுன்சிலருக்கு 10,000 ரூபாய், நகராட்சிக் கவுன்சிலருக்கு 5,000, பேரூராட்சி என்றால் 2,500. அதற்கு முன்னால் மன்றக் கூட்டத்துக்குப் போனால் அமர்வுப் படி மட்டும்தான். இந்தப் பக்கம் செலவைப் பாருங்கள். கோவில் கொடைக்கு நன்கொடைச் சீட்டு, கபடிப் போட்டிக்கு முதல் பரிசு, காதுகுத்துக்கு மொய், கல்யாணத்துக்கு மொய், ரம்ஜானுக்கு அரிசி, கிறிஸ்துமஸுக்குக் கேக், பள்ளி விழாவுக்கு நாற்காலி. ‘கவுன்சிலர் பேரில் ஐயாயிரம் எழுதியிருக்கிறோம்’ என்று சிரித்துக்கொண்டே வந்து நிற்பது யார்? நாம்தான். கொடுக்காவிட்டால் அடுத்த தேர்தலில் அந்தத் தெரு போய்விடும் என்று அப்பா பயப்படுவார். அம்மா வளையல் அடகுக்குப் போன மாதங்கள் உண்டு.

வசதி இல்லாதவர் எப்படிச் சமாளிப்பார்? கான்ட்ராக்டர் வந்து ‘அண்ணே, கொடைச் செலவை நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்பார். ஒரு முறை வாங்கிவிட்டால், அப்புறம் அந்த ஆள் போட்ட சிமெண்ட் ரோடு மழைக்கு முன்னாலேயே பெயர்ந்தாலும் வாய் திறக்க முடியாது. வாய்க்கால் வேலையில் கவுன்சிலர் ஏன் சத்தம் போடுவதில்லை என்று கேட்கிறவர்கள், போன கொடைக்கு அவரிடம் எவ்வளவு வாங்கினோம் என்றும் பார்க்க வேண்டும்.

தெற்குத்தெரு:
//போன கொடைக்கு அவரிடம் எவ்வளவு வாங்கினோம் என்றும் பார்க்க வேண்டும்//

இதைப் படித்துவிட்டுச் சங்கப் பொருளாளரிடம் பேசினேன். அவருக்கும் கொஞ்சம் உறுத்துகிறது. இந்த வருடம் கவுன்சிலர் பெயரில் நன்கொடைச் சீட்டுப் போடுவதில்லை என்று கமிட்டியில் சொல்லப் போகிறோம். வரட்டும், சாமி கும்பிடட்டும், பொங்கல் சாப்பிட்டுப் போகட்டும்.

மேட்டுப்பாளையத்தான்:
எங்கள் மேட்டுப்பாளையம் பக்கத்தில் ஓடந்துறை ஊராட்சியைப் பார்க்க வெளிமாநிலத்தில் இருந்தெல்லாம் வந்தார்கள். 1996 முதல் 2006 வரை சண்முகம் தலைவராக இருந்தார். குடிநீர் மோட்டாருக்குக் கரண்டு பில் எகிறியதைப் பார்த்துவிட்டு, விறகுக் கழிவில் ஓடும் எரிவாயு யூனிட் வைத்தார்கள். அப்புறம் ஊராட்சியே சொந்தமாக 350 கிலோவாட் காற்றாலை போட்டது. செலவு சுமார் 1.55 கோடி ரூபாய், அதில் பெரும்பங்கு வங்கிக் கடன். ஊர்த் தேவை போக மீதி மின்சாரம் மின்வாரியத்துக்கு. ஒரு கிராம ஊராட்சி வங்கியில் கடன் வாங்கிக் காற்றாலை போடுவது என்பதை அன்றைக்கு யாரும் நம்பவே இல்லை. கிராம சபையில் கணக்கைப் பேசிப் பேசித்தான் ஊரைத் தன் பக்கம் கொண்டுவந்தார்.

விழா வைத்தாரா என்றால் வைத்திருப்பார். நாங்கள் நினைவில் வைத்திருப்பது கரண்டு பில்லைத்தான்.

மன்றப்புலி:
ஓடந்துறை நல்ல உதாரணம், ஆனால் ஒரு வித்தியாசத்தைச் சொல்ல வேண்டும். ஊராட்சித் தலைவருக்குக் காசோலையில் கையெழுத்துப் போடும் அதிகாரம் உண்டு. நகராட்சிக் கவுன்சிலருக்கு அது கிடையாது. பணத்தை எடுத்து வேலை நடத்துபவர் ஆணையர், எஸ்டிமேட் போடுபவர் பொறியாளர். கவுன்சிலருக்கு இருப்பது மன்றத்தில் ஒரு ஓட்டு, பேச ஒரு வாய், தீர்மானத்தில் தன் வார்டு வேலையைச் சேர்க்கச் சொல்லும் உரிமை. அந்த உரிமையைப் பயன்படுத்தினாரா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். மன்றக் கூட்ட நடவடிக்கைக் குறிப்பை, 2005 தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி எவரும் கேட்கலாம். 30 நாளில் தர வேண்டும். அதில் உங்கள் வார்டு எத்தனை இடத்தில் வருகிறது என்று பார்த்தால் போதும், தெருவில் நடக்கும் பாதி வாக்குவாதம் தீர்ந்துவிடும்.

அப்புறம் ‘நமக்கு நாமே’ திட்டம். கலைஞர் காலத்தில் 1997 வாக்கில் வந்தது, 2021-இல் நகரங்களுக்கு மறுபடி கொண்டுவந்தார்கள். மக்கள் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு போடும். பூங்கா, பள்ளிச் சுற்றுச்சுவர், குளம் தூர்வாருதல் எல்லாம் செய்யலாம். கவுன்சிலர் எல்லா விழாவுக்கும் போய்ச் சேர்த்து வைத்திருக்கும் நல்ல பெயர் இருக்கிறதே, அது இங்கே உதவும். கடைக்காரர்கள், வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர்கள், ஆலைக்காரர்கள் அவர் சொன்னால் பங்குப் பணம் தருவார்கள். ஆகவே விழாவுக்குப் போவது வீண் என்று நான் சொல்ல மாட்டேன். அங்கே சேர்த்த செல்வாக்கை எங்கே செலவு செய்கிறார் என்று பாருங்கள்.

கோலமாவு:
இத்தனை பேர் எழுதிவிட்டீர்கள், ‘அவர்’, ‘மனிதர்’ என்றே போகிறது. 2016 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு உள்ளாட்சிகளில் பாதி இடம் பெண்களுக்கு. எங்கள் வார்டிலும் பெண் கவுன்சிலர்தான். ஆனால் நீர்மோர்ப் பந்தலைத் திறப்பவர் அவர் வீட்டுக்காரர். ரத்ததான முகாமில் நடு நாற்காலியில் உட்காருபவரும் அவர். அழைப்பிதழில் அம்மா பெயர் இருக்கும், மேடையில் ஓரமாக நிற்பார். எங்களுக்குக் குழாயடிப் பிரச்சினையைச் சொல்ல அந்த அம்மாதான் வசதி, ஏனென்றால் அவரும் அதே குழாயில் பிடிப்பவர். போன் அடித்தால் ‘அண்ணன்’ எடுக்கிறார்.

பள்ளி ஆண்டு விழாவுக்குக் கூப்பிடப் போன எங்கள் மகளிர் குழு, இந்த முறை ஒன்று செய்தோம். பரிசு கொடுப்பவர் கவுன்சிலர், அவரே பேச வேண்டும் என்று சொல்லியே கூப்பிட்டோம். மைக்கைப் பிடித்ததும் கை நடுங்கியது. ஆனால் பெண் பிள்ளைகள் கழிப்பறைக்குத் தண்ணீர் இல்லை என்பதை அவரேதான் மேடையில் சொன்னார், தலைமையாசிரியர் முன்னால், கல்வி அதிகாரி முன்னால். நாங்கள் எழுதிக்கொடுக்கவில்லை. அடுத்த நிகழ்ச்சிக்கும் அவரைத்தான் கூப்பிடுவோம். கூப்பிடுகிறவர்கள் கையிலும் கொஞ்சம் இருக்கிறது.

வைகைக்கரை:
கோலமாவு, நன்றாகச் செய்தீர்கள் அம்மா. மனது நிறைந்தது.

மஞ்சப்பைக்காரி:
மஞ்சப்பை பற்றி ஒரு வார்த்தை. 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் 14 வகைப் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் தடை. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம். கவுன்சிலர்கள் சந்தையில் பை கொடுத்துப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். பை கொடுப்பது நல்லதுதான், நானும் தைத்துக் கொடுத்தவள். ஆனால் ஒருவர் எத்தனை பை கொடுத்தாலும், மொத்த வியாபாரக் கிடங்கில் கேரி பேக் மூட்டை வந்து இறங்கிக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்? சோதனை போட, அபராதம் விதிக்க உள்ளாட்சிக்கு அதிகாரம் உண்டு. ‘எங்கள் ஊரில் கிடங்குச் சோதனை எப்போது நடந்தது?’ என்று மன்றத்தில் கேட்கக் கவுன்சிலரால் முடியும். பூக்காரம்மாவிடம் பிடுங்குவதற்கு முன்னால் கிடங்குக்குப் போகச் சொல்லுங்கள்.

ஆலமரத்தடி:
பகுதி சபையில் பேசினால் ஏதாவது நடக்குமா? 2022 நவம்பர் 1 அன்று ஆரம்பித்தபோது தாம்பரம் மாநகராட்சி பம்மலில் முதல்வரே வந்து உட்கார்ந்தார், டிவியில் பார்த்தேன். எங்கள் ஊரில் அதற்குப் பிறகு நடந்ததே தெரியவில்லை. நடந்தாலும் கவுன்சிலருக்கு வேண்டியவர்கள்தான் உறுப்பினர்கள்.

மன்றப்புலி:
உறுப்பினர் நியமன முறையில் குறை இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சபையில் அந்தப் பகுதி வாக்காளர்கள் எல்லாரும் உட்காரலாம். தேதியை நகராட்சி அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள். கோரிக்கையை வாயால் மட்டும் சொல்லாதீர்கள், எழுதிக் கொடுத்து, நடவடிக்கைக் குறிப்பில் ஏறியதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். அதிகாரி யாராவது வந்திருந்தால் அவர் முன்னாலேயே படிக்கச் சொல்லுங்கள். கவுன்சிலருக்கும் இது நல்லது. மன்றத்தில் ‘என் வார்டு மக்கள் கேட்கிறார்கள்’ என்று எழுந்து பேச அவர் கையில் ஒரு தாள் வேண்டும்.

தெற்குத்தெரு:
எல்லாருக்கும் நன்றி. சங்கத்தில் பேசி இப்படி முடிவு செய்திருக்கிறோம். அவர் நிகழ்ச்சிகளுக்கு வந்ததற்கு முதலில் நன்றி சொல்வோம், மனதாரத்தான். அப்புறம் மூன்று கேள்விகள். அடுத்த ரத்ததான முகாமை மே மாதம் வைக்க முடியுமா? பெரிய வாய்க்கால் வேலையை மன்றத்தில் எப்போது, என்ன தீர்மானமாகக் கேட்டார்? சாலையோர பேனர் இனி இல்லை என்று சபையிலேயே சொல்வாரா? வாய்க்கால் விஷயத்தில் மட்டும் இன்னும் தெளிவாகக் கேட்கத் தெரியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கரைக்காவல்:
நகராட்சியில் மஸ்தூராக, அதாவது தொழிலாளியாக இருந்து ஓய்வு பெற்றவன். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் வரும். செப்டம்பரில் தூர்வாரச் சொன்னால் அவசர வேலை என்று மேலாக அள்ளிவிட்டுப் போவார்கள். எஸ்டிமேட்டும் டெண்டரும் ஆனி, ஆடிக்குள் முடிய வேண்டும் என்று கேளுங்கள். இரண்டாவது, அள்ளிய சேற்றைக் கரையிலேயே குவித்துவைத்தால் முதல் மழையில் மறுபடி உள்ளே போய்விடும். அள்ளிக் காய்ந்ததும் லாரியில் ஏற்றுவதும் அதே டெண்டரில் இருக்க வேண்டும். மூன்றாவது, வாய்க்காலுக்கு மேலே சாலை போகும் சிறுபாலத்தின் அடியில்தான் அடைப்பு இருக்கும், அங்கே யாரும் இறங்க மாட்டார்கள். மனிதரை இறக்கக் கூடாது, இயந்திரம் வேண்டும் என்றும் சேர்த்து எழுதுங்கள். வேலை நடக்கும் அன்று கவுன்சிலரைக் கூப்பிட்டு அந்தப் பாலத்தின் மேல் நிற்கச் சொல்லுங்கள். அவர் நின்றால் எங்கள் ஆட்களுக்கும் கையுறை, காலுறை, குடிக்கத் தண்ணீர் எல்லாம் நேரத்துக்கு வந்துவிடும்.